செவ்விளநீரும் முழுக்கைச் சட்டையும்

உங்களை ஒன்று கேட்கிறேன். நீங்கள் மிகவும் விரும்பும் ஒன்று கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. கொடுப்பவர் அன்போடு கொடுக்கிறார். தடுப்பவர் எவரும் இல்லை. அந்த நொடியில் உங்களுக்குள்ளிருந்து கையை நீட்டுபவர் யார், மடக்கிக்கொள்பவர் யார்? அந்த இருவரில் எவருக்கு இதுநாள்வரை சோறு போட்டு வளர்த்திருக்கிறீர்கள்? இந்தக் கேள்வியை நான் இப்போது என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஆனைமலை போகும் சாலையோரத் தென்னந்தோப்பு ஒன்றின் நடுவில், என் மகள் வாழ்க்கைப்படவிருக்கும் வீட்டின் கூடத்தில், பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி. பின்கட்டிலிருந்து அரிவாள் விழும் ஓசை கேட்கிறது. சதக். ஒரு சிறு இடைவெளி. மறுபடியும் சதக். இளநீர் சீவுகிறார்கள். எனக்காகத்தான். மாப்பிள்ளையின் தந்தை ஆறுக்குட்டி சொல்லிவிட்டுத்தான் எழுந்து போனார், வாசல் பக்கத்து ஒற்றைச் செவ்விளநீர் மரத்துக் காயை வியாபாரிக்குக் கொடுப்பதில்லையாம், வீட்டுக்கு வரும் முக்கியமானவர்களுக்கு மட்டும்தானாம், சம்பந்தி வெயிலில் வந்திருக்கிறார், முகமே வாடிக் கிடக்கிறது, வெட்டிக் கொடுக்காமல் விடுவதா என்று. வாடித்தான் கிடக்கிறது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பிரித்தெடுக்கும்போது பழைய தபால் உறையைக் கிழிப்பது போல ஒரு சத்தம், அது எனக்கு மட்டும் கேட்கிறது. இன்னொன்றையும் நான் மறக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடியாத வீட்டில் பெண் வீட்டார் கை நனைப்பதில்லை. பேசுவோம், சிரிப்போம், தோப்பைச் சுற்றிப் பார்ப்போம், பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாமல் எழுந்து வருவோம். மனம் ஒப்பிவிட்டால் கொடுத்ததை வாங்கிக் குடிப்போம். அதுவே சம்மதம், அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. பெண்ணின் தகப்பன் வேண்டாம் என்று கையை ஆட்டினால், அதற்கும் மேல் ஒரு சொல் தேவையில்லை. என் மகள் சங்கவி எதிரே உட்கார்ந்து மாப்பிள்ளையின் தாய் செண்பகம் அம்மாளோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அவளும் அந்தப் பையன் கௌசிக்கும் கோயம்புத்தூரில் ஒரே அலுவலகம். ஒருவரை ஒருவர் அறிந்து, பொறுத்து, பெற்றவர்களிடம் சொல்லி, இந்தக் கூடம்வரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். இனி மீதி என் தொண்டையில் இருக்கிறது. இறக்கினால் திருமணம். இறக்காவிட்டால் இந்தக் கூடத்தின் சிரிப்பு நின்றுபோகும். இறக்கினால் என் இதயம் நின்றுபோகலாம்.

விந்தையல்லவா, உலகம் நோயாளிக்கு வாங்கிக்கொண்டு போகும் முதற்பொருள் எதுவோ அது எனக்கு எமன். என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன, ரத்தக்கொதிப்பு செய்த வேலை. ஒருநாள் விட்டு ஒருநாள் கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு மருத்துவமனையின் மாடியில், இயந்திரம் என் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே அனுப்புகிறது. அங்கே டயாலிசிஸ் பிரிவில் இருக்கும் செவிலி ஜெசிந்தா என்னைச் சேர்த்த அன்றே சொல்லிவிட்டாள், தண்ணீர் அளவோடு, இளநீர் அறவே இல்லை என்று. ஏன் என்று கேட்டேன். அதில் பொட்டாசியம் என்றொரு உப்பு நிறைய உண்டு, மற்றவர்கள் உடம்பு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும், உங்கள் உடம்புக்குத் தள்ளத் தெரியாது, அது நேரே போய் இதயத்தின் தாளத்தைக் கலைக்கும் என்றாள். எனக்குப் புரிந்தது. புரிவதில் என்ன கடினம்? புரிந்ததை நாக்குக்குச் சொல்வதில்தான் கடினம். நாக்கு பள்ளிக்கூடம் போனதில்லை. என் ஒரு நாளைய தண்ணீர், சங்கவி சிறுவயதில் பள்ளிக்கு எடுத்துப்போன வாத்துப் படம் போட்ட பாட்டிலில் அடங்கிவிடும்; வாத்தின் அலகு அழிந்து அது இப்போது ஒரு மஞ்சள் திட்டாக நிற்கிறது. காலையில் நானே நிரப்புவேன். மாத்திரைக்கு ஒரு வாய், உச்சி வெயிலுக்கு ஒரு வாய், மற்றதெல்லாம் நனைத்த விரலால் உதட்டைத் தடவிக்கொள்வது. அந்தப் பாட்டில் இப்போது என் மனைவி ருக்குமணியின் கைப்பையில், மடித்த துண்டுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. என் இடக்கையும் மறைந்து கிடக்கிறது. இந்தப் பங்குனி வெயிலில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான். உள்ளே முழங்கைக்குக் கீழே, ஊசி ஏற்றுவதற்காக சிரையையும் தமனியையும் இணைத்துத் தைத்த இடம் கயிறு திரித்தாற்போல் புடைத்து, ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. தொட்டால் தெரியும். காதை வைத்தால் கேட்கும். தீப்பெட்டிக்குள் அடைபட்ட வண்டு. காரில் வரும்போது ருக்குமணி சொன்னாள், இன்று ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்காதீர்கள், நிச்சயம் ஆகட்டும், அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், பெண்ணுக்கும் வருமோ என்று நினைத்துவிட்டால் என்ன செய்வோம் என்று. அவள் குரலில் இருந்தது வஞ்சகமல்ல. பயம். பயத்தோடு வாதாடக் கூடாது, அதன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொண்டேன், ஆனால் சரி என்று சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை அவள் கவனித்தாளா?

சதக். இது இரண்டாவது காய். பக்கத்துப் படுக்கை ராயப்பன் நினைவுக்கு வருகிறார், வந்தே தீருவார். பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். இயந்திரத்தில் படுத்தபடியே எல்லோரையும் சிரிக்க வைப்பார். நான் பேருந்து நிலையத்து டைம்கீப்பர் என்று தெரிந்த நாள் முதல் அவருக்குக் கொண்டாட்டம். என்னை ஊசியேற்றிப் படுக்க வைத்ததும் தலையைத் திருப்பி, "டைம்கீப்பரே, நம்ம வண்டி எத்தனை மணிக்குங்க?" என்பார். உங்களுடையது இன்னும் ஸ்டாண்டுக்கே வரவில்லை, பேசாமல் படுங்கள் என்பேன் நான். ஒரு திருவிழாவுக்குத் தங்கை வீட்டுக்குப் போனார். வாடிப்போய் வந்த அண்ணனைப் பார்த்துத் தங்கைக்கு மனம் தாங்கவில்லை. இளநீரை வெட்டி, இன்னொன்றை வெட்டி, குடி அண்ணா, உடம்புக்குக் குளிர்ச்சி என்று தன் கையாலேயே கொடுத்தாள். அவருக்குத் தெரியாததா? தெரியும். தங்கையின் முகம் வாடக் கூடாது என்று ஒரு கணம், தொண்டை இதமாக நனைகிறதே என்று ஒரு கணம். அன்பும் தாகமும் ஒரே பக்கம் நின்று தள்ளும்போது மனிதன் எங்கே நிற்பான்! அடுத்த முறை நான் போனபோது அந்தப் படுக்கையில் புது விரிப்பு விரித்திருந்தார்கள். அந்தத் தங்கையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கொன்றது அவள் அன்பு என்று அவளிடம் யார் சொல்வார்கள்? சொல்லவே வேண்டாம். ஆனால் ஆறுக்குட்டியையும் அந்தத் தங்கையைப் போல ஆக்கும் உரிமை எனக்கு உண்டா? அவர் தோப்பில், அவர் மரத்தில், அவர் கையால் வெட்டிய காய். மனம் எப்படி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது, புழுங்கலரிசியில் கல் பொறுக்குபவளைப் போல. பொறுக்கி முடித்தேன் என்று நினைக்கும்போது இன்னொன்று பல்லில் கடிபடுகிறது.

ஓர் ஊர் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். யாரும் சொன்ன கதை அல்ல, இயந்திரம் சுழலும் நேரத்தில் விட்டத்தைப் பார்த்து நானே கட்டிக்கொண்டது. அந்த ஊர்க் குளத்தின் மதகு இறுகிப்போயிற்று, திறக்க முடியவில்லை. ஊராருக்கு அது பெரிதாகப் படவில்லை. மழை வந்தது. மழை எப்போதும் நல்லதல்லவா, ஆகவே மகிழ்ந்தார்கள்; இன்னும் வா என்று பாடினார்கள். ஒருவன் மட்டும் கரையில் நின்று ஒவ்வொரு வாய்க்காலாக மண்வெட்டியால் மண் போட்டு அடைத்துக்கொண்டிருந்தான். வரும் நல்லதை வழிமறிக்கிறாயே, பைத்தியமா என்று ஏசினார்கள். அவன் திரும்பி எதுவும் சொல்லவில்லை, சொல்லிக்கொண்டிருந்தால் மண் போட முடியாது. விடிந்தபோது ஊர் இருந்தது. அவ்வளவுதான் கதை. நல்லது என்பது பொருளில் இல்லை, அளவில் இருக்கிறது, நேரத்தில் இருக்கிறது, யாருடைய குளத்தில் விழுகிறது என்பதில் இருக்கிறது. இதை நான் கூண்டில் உட்கார்ந்து கற்றேன், மருத்துவமனையில் அல்ல. டைம்கீப்பர் கூண்டுக்கு முன்னால் தனியார் வண்டிகள் வரிசையாக நின்று உறுமும். முன்கூட்டியே கிளம்பிவிட்டால் வழிநெடுக நிற்கும் கூட்டம் முழுவதும் அவர்களுக்கு. பின்னால் வரும் வண்டிக்கு வெறும் நிறுத்தங்கள். அப்புறம் அவன் இவனை முந்துவான், இவன் அவனை மறிப்பான், பாலத்தில் உரசுவார்கள். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிக் கெஞ்சுவான், "ஒரு நிமிஷந்தானுங்களேண்ணா, விசிலைக் குடுங்க." ஒரு நிமிடம்தான். உலகத்தின் எல்லாக் கேடும் ஒரு நிமிடம்தானே என்ற சொல்லுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கிறது. நான் விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். ஏசுவார்கள். சாயங்காலம் அதே ஓட்டுநர்கள் கூண்டுக்கு வந்து தேநீர் வாங்கிக் கொடுப்பார்கள். இப்போது என் தொண்டைக்குள் ஒருவன் தலையை நீட்டுகிறான். ஒரு மிடறுதானுங்களேண்ணா. ஒரு மிடறு குடித்துவிட்டு வைத்துவிடு, வழுக்கையைச் சுரண்டுவது போல் பாவனை செய், கைகழுவும் இடத்தில் கொட்டிவிடு, நாளைக்கு எப்படியும் இயந்திரத்தில் படுக்கப்போகிறாய், அது கழுவிவிடும். எவ்வளவு நயமாகப் பேசுகிறான்! பாதி என் மனைவியின் குரலில், பாதி என் மகள் மேல் எனக்குள்ள அன்பின் குரலில். கெடுதல் எப்போதும் சொந்தக்காரர் குரலில்தான் கூப்பிடும். இன்றைக்கு ஒளித்து நாளைக்குச் சொல்வதும் அதே ஒரு மிடறுதான். பொய்யின் ஒரு மிடறு, குளிர்ச்சியாக இறங்கும், பின்னால் போய்த் தாளத்தைக் கலைக்கும். அதன் மேல் கட்டிய உறவுக்கு மதகு எங்கே?

வந்துவிட்டார். ஆறுக்குட்டி தாமே கொண்டுவருகிறார், தட்டில் வைத்து வேலையாளிடம் கொடுக்காமல் இரண்டு கையாலும் ஏந்தி. என் உள்ளங்கைகளில் வைக்கிறார். கனம். குளிர்ச்சி. மரத்தின் உச்சியிலிருந்து நேராக இறங்கிய குளிர்ச்சி; செந்நிறத் தோலில் ஈரம், சீவிய வாயில் வெண்மை, உள்ளே ததும்புகிற நீர் தன் மீது சாளரத்து வெளிச்சத்தை ஒரு காசளவு மிதக்க விட்டிருக்கிறது. மணம். பச்சை மட்டையின் துவர்ப்பும் அதற்கடியில் மெல்லிய இனிப்பும். என் வாயில் ஊற எச்சில்கூட இல்லை, அப்படியும் ஏதோ ஊறுகிறது. அரசமரத்தடிப் பேருந்து நிறுத்தங்கள், வெயில் வேளைகள், ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கடைக்காரனிடம் இரண்டாகப் பிளந்து வாங்கி வழுக்கை தின்ற என் இளமை முழுவதும் அந்தச் சிறு துளைக்குள்ளிருந்து என்னைப் பார்க்கிறது. "குடிங்க சம்பந்தி, நம்ம மரத்துக் காய். ஒரு இழுப்புல எறங்கிரும்," என்கிறார். ருக்குமணி என்னைப் பார்க்கவில்லை, என் இடக்கையைப் பார்க்கிறாள். செண்பகம் அம்மாள் புன்னகையோடு காத்திருக்கிறார். தூணில் சாய்ந்து நிற்கும் கௌசிக் நிமிர்கிறான். சங்கவி மட்டும் நேராக என் கண்ணைப் பார்க்கிறாள், தலையை மிக மெதுவாக அசைக்கிறாள், வேண்டாம் அப்பா என்று. அந்தத் தலையசைப்பில் தன் கல்யாணத்தையே எடுத்து என் காலடியில் வைக்கிறாள் குழந்தை. அதைக் கண்டபின் எனக்கு எதுதான் பாரம்? இடக்கையின் வண்டு முழங்குகிறது. விசில் என் வாயில் இல்லை, சட்டைப்பையில் இருக்கிறது. வண்டி நிற்கட்டும். நேரம் ஆகவில்லை.

"சம்பந்தி," என்றேன். எங்கள் பேச்சு முடியாத வீட்டில் அந்தச் சொல்லைத்தான் முதலில் சொன்னேன், சம்மதம் அதற்குள் இருக்கட்டும் என்று. "எனக்கு இந்த வீடு மனசுக்கு ஒத்துப்போச்சுங்க. ஆனா இந்த இளநியை நான் குடிக்கக் கூடாதுங்க. குடிச்சா உசுருக்கு ஆகாது." பிறகு சொன்னேன், எல்லாவற்றையும், இயந்திரத்தை, வாத்துப் பாட்டிலை, தங்கை கையால் வாங்கிக் குடித்த ராயப்பனையும்கூட. என் கையிலிருந்த காயை நாற்காலிக்கு அடியில், சாயாதபடி இரண்டு காலுக்கும் நடுவில் வைத்தேன். உலகில் அதைவிடக் கனமான ஒன்றை நான் அதுவரை கீழே வைத்ததில்லை. ருக்குமணியின் கண்கள் நிரம்பிவிட்டன. ஆறுக்குட்டி எதையும் பூசி மெழுகாதவர். தோப்புக்காரர்கள் அப்படித்தான், வேரில் நோயா, குருத்தில் நோயா என்று முதலில் கேட்டுவிடுவார்கள். "புள்ளைக்கும் வருமுங்களா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சங்கவி பதில் சொன்னாள். "எனக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சுங்க மாமா. ஒண்ணுமில்லைங்க. இருந்திருந்தா அதையும் இங்க உக்காந்துதான் சொல்லியிருப்பனுங்க." கௌசிக் தனக்கு முன்பே தெரியும் என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு, தன் அப்பாவிடம் சங்கவியின் அப்பாதான் சொல்ல வேண்டும் என்று தான் பேசாமல் இருந்ததாக. ஆறுக்குட்டி அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தக் கை எது என்று கேட்டார். நான் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினேன். பங்குனிக் காற்று முதன்முதலாக அந்தத் தோலில் பட்டது, அப்பா, என்ன சுகம்! சுருட்டி மேலேற்றினேன். புடைத்த நரம்பை எல்லோரும் பார்த்தார்கள். அவர் தம் பெரிய, மட்டை உரித்துக் காய்ப்பேறிய உள்ளங்கையைத் தயங்கித் தயங்கி அதன்மேல் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. முகம் மாறியது. "ஏனுங்க, கெணத்துக்குள்ள மோட்டார் ஓடறாப்பல இருக்குதே," என்றார். "ஓடுமட்டும் நல்லதுங்க," என்றேன். அவர் சிரித்தார். பயந்தவன் சிரிப்பு அல்ல, தன் தோப்பில் எந்த வேளையில் நின்றாலும் காதுக்குக் கேட்கிற ஓசையை வேறொரு மனிதனின் உடம்பில் கண்டுகொண்டவனின் சிரிப்பு.

கோபித்துக்கொண்டவர் செண்பகம் அம்மாள் ஒருவர்தான். அதுவும் என்னிடம் அல்ல, ருக்குமணியிடம். முன்பே ஒரு போன் பண்ணிச் சொன்னால் என்ன, மனுசன் பொணமாப் போயிருந்தா இந்த மரத்த நான் என்ன பண்ணியிருப்பேன், வெட்டியா போடறது என்று அவர் படபடத்தபோது ருக்குமணி அழுதுகொண்டே சிரித்தாள், அந்த இருவரும் அந்த நிமிடத்தில் சம்பந்திகள் ஆனார்கள். பிறகு அவர் என்னென்ன ஆகும், என்னென்ன ஆகாது என்று என்னை நிற்க வைத்துக் கேட்டார். உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் ஒரு பிடி வெறும் சோறும் அதன்மேல் ஒரு கரண்டி நெய்யும் கொண்டுவந்தார். ருக்குமணி கைப்பையைத் திறந்து துண்டுக்கு அடியிலிருந்து வாத்துப் பாட்டிலை எடுத்து எல்லோர் முன்னாலும் மேசையில் வைத்தாள். அந்த மஞ்சள் திட்டு என்ன என்று ஆறுக்குட்டி கேட்டார், வாத்து என்றாள் சங்கவி. அதிலிருந்தே கொஞ்சம் ஊற்றிக் கையைக் கழுவிக்கொண்டேன்; என் அன்றைய தண்ணீரில் ஒரு பங்கு அது, மனமுவந்து கொடுத்தேன். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் உண்டேன். நெய் மணத்தது. தொண்டை வறண்டே இருந்தது, இன்னும் வறண்டே இருக்கிறது, திரும்பும் வழியில் காரிலும் வறண்டிருக்கும். வென்றவனுக்குத் தாகம் தீர்ந்துவிடும் என்று உங்களுக்கு எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். தாகம் அப்படியே இருக்கும். அதன் முன்னால் மண்டியிட்டுக் கிடந்தவன் எழுந்து நின்றிருப்பான், அதுதான் வெற்றி. என் நாற்காலிக்கு அடியிலிருந்த செவ்விளநீரை ஆறுக்குட்டி எடுத்துச் சங்கவியிடம் கொடுத்தார். அவள் என்னைப் பார்த்தாள். குடி என்றேன். என் மகள் அந்த வீட்டின் நீரை ஒரே மூச்சில் குடித்து முடித்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், என் தொண்டையில் ஏதோ இறங்கியது, அதற்கு எந்த மருத்துவரும் அளவு விதிக்க முடியாது.

ஆகவே, தொடக்கத்தில் கேட்டதை மறுபடி கேட்கிறேன், இம்முறை விடையை எதிர்பார்த்து. உங்கள் கையில் இப்போது இருக்கும் காய் எது? மருத்துவர் வேண்டாமென்ற இனிப்பா, சினம் தணிவதற்குள் அனுப்பத் துடிக்கும் செய்தியா, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று துண்டுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கும் உண்மையா? அதன் குளிர்ச்சி எனக்குத் தெரியும். அதன் மணம் எனக்குத் தெரியும். ஒரு மிடறுதானே என்று உள்ளிருந்து ஒருவன் தலையை நீட்டுவதும் தெரியும். நாளைமுதல் திருந்தலாம் என்று சொல்பவனும் அதே ஓட்டுநர்தான், குரலை மாற்றிக்கொண்டு பேசுகிறான். விசிலைச் சட்டைப்பையில் போடுங்கள். காயைக் கீழே வையுங்கள், சாயாமல், சிந்தாமல், கொடுத்தவரின் அன்பு புண்படாமல். வைத்த கையோடு சட்டைக்கையைச் சுருட்டி, யாரிடம் காட்ட இத்தனை நாள் அஞ்சினீர்களோ அவர் முன்னால் நீட்டுங்கள். எழுந்திருங்கள். இன்றே செய்யுங்கள், இன்று பொழுது சாய்வதற்குள் செய்யுங்கள்.